கல்லீரலின் வடு ஆறுமோ?

“மாத்திரை உண்ணத் தொடங்கி ஈராண்டு ஆயிற்று, உடம்பில் ஒரு குறையும் தோன்றவில்லை, இனி நிறுத்தலாகாதா?” நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோயுற்ற அன்பர்கள் பலர் எழுப்பும் வினா இது. நாம் மருத்துவர் அல்லோம். ரயில்வேயில் எழுத்தர் பணி புரிவோர். எனினும், கற்றறிந்தோர் கண்டதை எளிய சொற்களில் எடுத்துரைத்தல் இப்பகுதியின் கடமையன்றோ?

இந்நோயின் கிருமி ஆண்டுக்கணக்கில் கல்லீரலில் அழற்சியை மூட்டுகிறது. செல்கள் மடிந்த இடத்தில் நார் படிகிறது. நார் பெருகி ஈரல் முழுதும் முடிச்சிட்டு இறுகுதலே ‘சிரோசிஸ்’ எனப்படும். அவ்வாறு இறுகிய ஈரல் மீளாது என்றே மருத்துவ உலகம் நெடுநாள் எண்ணியிருந்தது.

அவ்வெண்ணத்தை 2013-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வொன்று அசைத்தது. டெனோபோவிர் மாத்திரை உட்கொண்ட 348 பேரின் ஈரல் திசுவைத் தொடக்கத்திலும் ஐந்தாண்டு முடிவிலும் எடுத்து ஒப்புநோக்கினர். 100-க்கு 87 பேருக்குத் திசு நலம் பெற்றிருந்தது. 51 பேருக்கு நார் குறைந்திருந்தது. தொடக்கத்தில் சிரோசிஸ் உற்றிருந்த 96 பேரில் 71 பேருக்கு அந்நிலை நீங்கியிருந்தது! கிருமி அடங்கியதும் அழற்சி தணிகிறது. நார் நெய்யும் செல்கள் ஓய்கின்றன. படிந்த நாரை உடலே சிறிது சிறிதாகக் கரைக்கிறது. உடற்பருமன் மிக்கோர்க்கு இந்நலம் குறைவாகவே கிட்டியது என்பதும் கருதத்தக்கது.

அப்படியாயின் மாத்திரையை நிறுத்தலாகாதா? ஆகாது. கிருமி அடங்குகிறதேயன்றி அழிவதில்லை. அதன் வித்து ஈரற்செல்லின் கருவினுள் ஒளிந்திருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தினால் மீண்டும் சீறி எழுந்து உயிருக்கே ஊறு செய்யலாம். சிரோசிஸ் கண்டவர்க்குத் திசு தேறிய பின்னும் புற்றுநோய் அச்சம் முற்றும் நீங்குவதில்லை. ஆறு திங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தல் வேண்டும்.

கீழாநெல்லியை நம்பி மாத்திரையைக் கைவிடுவோரும் உளர். அம்மூலிகை இக்கிருமியை நீக்குவதாகச் சென்னை ஆய்வாளர் 1988-இல் அறிவித்தது மெய்யே. ஆனால் பின்னர்ப் பிறவிடங்களில் நடந்த சோதனைகள் அதனை உறுதிசெய்யவில்லை.

மூணாறு, பீர்மேடு, உடும்பன்சோலைத் தோட்டங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஊர்களிலும் வாழும் நம்மவர் பொங்கலுக்கும் கொடைக்கும் எல்லை கடந்து சொந்த ஊர் செல்வர். வேலை ஓய்ந்தபின் தேனிக்கோ கோவைக்கோ குடிபெயர்வாரும் உண்டு. மாத்திரை விடுபடுவது இத்தகைய பயணங்களிலேதான். புறப்படுமுன் போதிய மாத்திரையும் மருத்துவச் சீட்டும் மூட்டையில் இருக்கட்டும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் கேரளம், தமிழகம் இரண்டிற்கும் பொது; அதன் சிகிச்சை மையங்களில் மருந்து இலவசம்.

இறுதியாக ஒன்று. ஒரே பந்தியில் உண்பதால் இந்நோய் தொற்றாது. நோயுற்றாரின் தட்டையும் குவளையையும் ஒதுக்கிவைக்கும் இல்லத்தில், அவர் மாத்திரையை மறைத்து உண்பார். நாளடைவில் மறந்தும் விடுவார். பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசி இடுவோம், சவரக் கத்தியைத் தனித்து வைப்போம், மனிதரை ஒதுக்காதிருப்போம்.