ஐதான கோப்புகளும் நியமத்தின் மீதான மூடநம்பிக்கையும்

கோப்பொன்றின் நடுவே எழுதப்படாது தாண்டிச்செல்லப்பட்ட பகுதிக்கு வட்டில் இடம் ஒதுக்காது, வாசிப்போருக்கு அதனைப் பூச்சியங்களாகக் காட்டும் வழக்கம் யுனிக்ஸ் மரபிற்குரியது. இத்தகைய துளைகளையுடைய கோப்பே ஐதான கோப்பு. நியமப்படி எழுதப்பட்ட நிரலுக்கு எல்லாக் கோப்பு முறைமைகளும் இவ்விடயத்தில் ஒன்றே என்பர் நிரலர் பலர். இக்கூற்று தவறானது. போசிக்ஸ் நியமம் உறுதிசெய்வது பூச்சியம் வாசிக்கப்படும் என்பதை மாத்திரமே. இடம் மிஞ்சும் என்பதை அன்று.

புதிய கோப்பொன்றில் 3 கிகாபைற் தூரம் தாவி ஒரேயொரு பைற்றினை எழுதும் நிரலைக் கருதுக. லினக்ஸின் எக்ஸ்ற்4 முறைமையில் அது கொள்ளும் இடம் பெரும்பாலும் 4 கிலோபைற். ஃபாட்32 முறைமையிலோ முழு 3 கிகாபைற்றும் செலவாகும். அப்பிளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸும் அவ்வாறே, 2017இல் அதன் இடத்தைப் பெற்ற ஏ.பி.எஃப்.எஸ். துளைகளை அறியும். விண்டோசின் என்.ரி.எஃப்.எஸ். துளைகளை ஏற்குமெனினும், கோப்பு ஐதானதென நிரல் முன்னரே அறிவித்தாலன்றி அவ்வசதியை நல்காது.

இடவிரயம் பொறுக்கத்தக்கதே. தரவிழப்பு அத்தகையதன்று. துளை எங்குள்ளதென முறைமையையே வினவி, துளையென விடைவரும் பகுதியை வாசியாது தாண்டும் பிரதிசெய் நிரல்கள் இன்று பெருகியுள்ளன. 2023 நவம்பரில் ஓப்பன் இசட்.எஃப்.எஸ். முறைமையில் வெளிப்பட்ட வழு இதன் விளைவைக் காட்டிற்று. எழுதப்பட்டும் வட்டினைச் சென்றடையாத தரவு இருந்த இடத்தை, அருந்தலாக வாய்க்கும் ஒரு கணத்தில், அம்முறைமை துளையென அறிவித்தது. பிரதியில் தரவிருக்க வேண்டிய இடத்தில் பூச்சியங்களே எஞ்சின. மூலக்கோப்பு பழுதுறவில்லை; பிழைச்செய்தி எதுவும் எழவில்லை. புதிய பதிப்பொன்றின் வசதி மீதே முதலில் பழி வீழ்ந்தது. வழுவோ அதனினும் பல்லாண்டு மூத்தது. அம்மாத இறுதியில் அது திருத்தப்பட்டது.

குற்றம் கோப்பு முறைமையினதே, நிரலினதன்று என வாதிப்போர் உளர். குற்றம் முறைமையினதே, ஆயின் வாசித்துச் சரிபார்க்கும் வாய்ப்பைத் துறந்தது யார்? எல்லாப் பைற்றுகளையும் வாசித்து, பூச்சியத் தொடர்களைத் தானே இனங்கண்டு பிரதியில் துளையிடும் நிரலுக்கு அவ்வழு தீங்கிழைத்திராது. அதற்குக் காலம் கூடுதலாகும் என்பது மெய்யே. பெரும்பாலும் வெறுமையான மெய்நிகர்க் கணனி வட்டுப்படிமங்களைப் பிரதிசெய்வோருக்கு அது சிறு சுமையன்று. ஆயின் அவ்வேகத்தை வேண்டுவோர் கேட்டுப் பெறட்டும். கேளாதார் மீது அதனைச் சுமத்துவதேன்?

துளை வினவும் அழைப்பு 2024ஆம் ஆண்டின் போசிக்ஸ் பதிப்பில் இடம்பெற்றுவிட்டதென்பதை இனி இவர்கள் சான்றாக எடுத்துக்காட்டுவர். பூச்சியத் தொடர் ஒவ்வொன்றையும் துளையென அறிவிக்கவேண்டுமென அப்பதிப்பும் எந்த முறைமையையும் கட்டாயப்படுத்தவில்லை.