மர்ம நோய்க்கும் காரணம் வேண்டும்!

அறிவியல் கதை எழுதச் சொன்னால், உங்களில் பலர், "ஒரு மர்ம நோய் பரவியது, ஊரே மயங்கி விழுந்தது" என்று ஆரம்பிக்கிறீர்கள். அந்த நோய் உடம்புக்குள் எப்படிப் போயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. என்னைக் கேட்டால், அது பாதிக் கதைதான்.

2013ல், "தி லாஸ்ட் ஆப் அஸ்" என்றொரு வீடியோ கேம் வந்தது. (பெரியவர்களுக்கானது, நீங்கள் ஆட வேண்டாம்!) அதில், ஒரு பூஞ்சை மனிதர்களை ஆட்டி வைக்கும். நோய் கற்பனை, பூஞ்சை நிஜம். வெப்பமண்டலக் காடுகளில் சில எறும்புகளின் உடம்பைத் துளைத்து, அது உள்ளே நுழையும். சில நாட்களில் எறும்பு கூட்டை விட்டு வெளியேறி, செடியில் ஏறி, இலையைக் கடித்தபடியே செத்துவிடும். பிறகு, தலைப்பக்கமாகப் பூஞ்சை காம்புபோல முளைத்து, கீழே வித்துகளைத் தூவும். அது மூளைக்குள் நுழையாமல், தசைகளைச் சுற்றி வலை பின்னுகிறது என்று 2017ல் கண்டுபிடித்தனர். எந்தக் கதாசிரியருக்கு இப்படித் தோன்றும்!

நமக்கு வருமோ என்று பயம் வேண்டாம். நம் உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸ். பெரும்பாலான பூஞ்சைகள் அதைத் தாங்காது. 2023ல் இதை டிவி தொடராக எடுத்தவர்கள், இந்தத் தடையை மறைக்கவில்லை. "பூமி சூடாகி, பூஞ்சையும் சூட்டுக்குப் பழகிவிட்டால்?" என்று, அதையே கதையின் தொடக்கமாக்கினர். கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்.

உங்கள் மர்ம நோய் எப்படி வருகிறது? தண்ணீரிலா, கொசுவாலா, மூச்சுக்காற்றிலா? எந்த உறுப்பைப் பிடிக்கிறது? கதாநாயகனுக்கு மட்டும் ஏன் வரவில்லை? இவற்றை முதலில் நோட்டில் எழுதுங்கள். பிறகு ஊரை மயங்க வைக்கலாம்.