பழி மிளகாய் வத்தல் மீது

நாகலாபுரம் பக்கம் களத்தில் வத்தல் காய்கிற நாளில் யாருக்காவது வயிற்றில் புண் என்றால், "காரத்தைக் குறைங்க அண்ணாச்சி" என்பதுதான் முதல் வைத்தியம். வத்தல் பாவம். இரைப்பைப் புண் பலருக்கு வருவது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவால். பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் அதை வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் ஊர்களில் இந்தக் கிருமி பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலேயே, வீட்டுக்குள்ளேயே தொற்றிவிடுகிறது. என்னை நெகிழவைப்பது அந்தச் சின்ன வயிறு கிருமியை எதிர்கொள்ளும் விதம். பிள்ளைகளின் இரைப்பைச் சுவரில், நோய் எதிர்ப்பின் வேகத்தை அடக்கும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் பெரியவர்களைவிடக் கூடுதலாகத் திரள்கின்றன. அழற்சி மிதமாக நிற்கிறது, புண்ணும் அரிது. அந்த அமைதியிலேயே கிருமியும் பல்லாண்டு குடியிருந்துவிடுகிறது. வயது ஏற ஏற அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து அழற்சி கூடுகிறது; சிலருக்குப் புண், வெகு சிலருக்குப் புற்றுநோய்.

ஆகவே தொப்புளைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைக்குத் தாத்தாவின் அல்சர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. கத்தியால் வெட்டிய பாதி, அஞ்சறைப்பெட்டி மூடியில் கிடந்தது. பிள்ளைகளின் சாதாரண வயிற்றுவலிக்கு இந்தக் கிருமியைத் தேடிச் சோதிக்கவே வேண்டாம் என்கிறார்கள் குழந்தைகள் குடல்நோய் வல்லுநர்கள். எடை குறைந்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மலம் கறுத்தாலோ கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறத் தாமதிக்கக் கூடாது.