மூன்று வருடப் பூட்டு

சாணார்பட்டியில் என் மாமா புளியில் கொட்டை எடுத்து பாக்கெட் போடும் சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறார். பத்து லட்ச ரூபாய் முதலீடு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு. "மூணரை லட்சம் சும்மா கிடைக்குதுடா மாப்ள" என்று குதித்தார்.

கிடைத்தது. ஆனால் கைக்கு வரவில்லை. அந்தப் பணம் மூன்று வருடம் வங்கியில் அவர் கணக்கில் முடங்கிக் கிடக்கும். யூனிட் ஓடுகிறதா என்று ஆள் வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அதற்கு முன்னால் மாவட்டத் தொழில் மையம், திட்ட அறிக்கை, பயிற்சிச் சான்றிதழ், வங்கிக்கு நடை. "நம்ம திண்டுக்கல் பூட்டு தோத்துச்சு போ" என்பார் மாமா.

இந்தப் பூட்டை நான் குறை சொல்ல மாட்டேன். பொதுப்பணம், பூட்டித்தான் வைக்கணும். மானியம் எத்தனை சதவீதம், உச்சவரம்பு எவ்வளவு, யாருக்குத் தகுதி என்று எல்லாமே அச்சில் இருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்து யாரும் வாசித்துவிடலாம். என் கேள்வி ஒன்றுதான்: புளி பாக்கெட்காரருக்கு இருக்கிற இந்த வெளிச்சம், ஆயிரம் கோடிக்காரருக்கு ஏன் இல்லை?

பெரிய முதலீட்டுக்கும் தொழிற்கொள்கை உண்டு. 2021 கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்து, பின்தங்கியவற்றுக்குக் கூடுதல் சலுகை தந்தது. நல்ல யோசனை. ஆனால் முதலீடு பெருக்கப் பெருக்க, அச்சிட்ட விதி பின்வாங்கி மேசைப் பேச்சு முன்னுக்கு வருகிறது. அந்த நிறுவனத்துக்கென்றே தனியாக ஒரு சலுகைத் தொகுப்பு தைக்கப்படும். கேட்டுப் பாருங்கள், வணிக ரகசியம் என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு அதற்கு இடம் தருகிறது. பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்று அதே பிரிவு சொல்வதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 631 ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி ரூபாய். அந்த எண்தான் தலைப்புச் செய்தி. பதிலுக்கு நாம் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்ற எண் செய்தியாகவே இல்லை. வரவை மட்டும் எழுதி, செலவுப் பக்கத்தைக் காலியாக விட்ட கணக்கு நோட்டை மாமா கொண்டுபோனால் எந்த வங்கி வாங்கும்?

"தொழிற்சாலை வருதுல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது. 2005இல் ஒப்பந்தம், 2006இல் உற்பத்தி. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சீருடை போட்டு கம்பெனி பஸ் ஏறினார்கள், முதல் சம்பளம் வாங்கினார்கள். அதை அற்பமாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அதற்காக மாநிலம் நிலம் தந்தது, உள்நாட்டில் விற்ற போன்களுக்கான வரியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. 2014 நவம்பர் 1ஆம் தேதி ஆலை மூடியது. மொத்தத்தில் நமக்கு லாபமா நஷ்டமா? அரசே அந்த வரவுசெலவைப் போட்டுக் காட்டியிருந்தால், அடுத்த கம்பெனியிடம் பேச உட்காரும்போது நம் கையில் ஒரு பாடம் இருந்திருக்கும்.

சரி, முடிவை உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டால் தீருமா? நம் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் சிறுதொழிலும் உணவு பதப்படுத்துதலும் ஊராட்சிகளுக்கு உரிய துறைகளாக இருக்கின்றன. ஆனாலும் மாமாவின் யூனிட்டைத் தேர்ந்தெடுத்ததில் சாணார்பட்டி ஒன்றியத்துக்குப் பங்கே கிடையாது. அமெரிக்காவில் நகரங்களுக்கே அந்த அதிகாரம் உண்டு. அங்கேயும் கூத்துதான். 2017இல் அமேசானின் இரண்டாம் தலைமையகத்துக்காக 238 ஊர்கள் வரிசையில் நின்றன.

ஆனால் அங்கே ஒன்று உண்டு. விஸ்கான்சின் மாநிலம் பாக்ஸ்கானுக்குச் சுமார் 300 கோடி டாலர் சலுகை தருவதாகச் சொன்னது. பதிலுக்கு 13,000 வேலைகள். வேலைக்கணக்கு ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது, எல்லாரும் எண்ணினார்கள். வேலை வரவில்லை. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தி 1,454 வேலை, 8 கோடி டாலர் என்று சுருக்கினார்கள். கிராமம் நிலத்துக்கும் சாலைக்கும் கொட்டிய பணம் போனது போனதுதான், பெரும்பணம் தப்பியது. அங்கே மாநிலமோ நகரமோ தள்ளுபடி செய்த வரியை ஆண்டுக் கணக்கில் காட்டவேண்டும் என்று 2015இல் கணக்கியல் விதியே வந்துவிட்டது.

நான் கேட்பது ஒரே ஒரு அட்டவணை. நிறுவனம், மாவட்டம், சொன்ன முதலீடு, சொன்ன வேலை, வந்த வேலை, கொடுத்த சலுகை. ஆறு பத்தி. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன், ஒரு வார வேலைகூட இல்லை. தரவு ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது, ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் பணமே தருகிறார்கள்.

மாமாவின் யூனிட்டைப் பார்க்க ஆய்வாளர் வந்தபோது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று தலையை எண்ணினார். மாமாவோடு சேர்த்து ஐந்து. எழுதிக்கொண்டு போனார். அந்தக் கணக்கைத்தான் எல்லாரிடமும் எடுக்கச் சொல்கிறேன். எடுத்ததை எங்களுக்கும் காட்டச் சொல்கிறேன்.