அலை எங்கட கரையில, பலகை ஆர்ட கையில?

மே மாதம் பிறந்தால் அறுகம்பேக்கு வெள்ளைக்காரர் பலகையோட வந்து இறங்கத் தொடங்குவார்கள். ஒக்டோபர் வரைக்கும் அந்தக் கரை அவர்களால் நிறைந்திருக்கும். அலைச்சறுக்கு விளையாடுகிற உலகம் முழுவதற்கும் அந்த இடம் தெரியும். 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும் வரை அது மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளதான் இருந்தது. இண்டைக்கும் பஸ் ஏறினால் அரை நாளுக்குள் போய்ச் சேரலாம். ஆனால் எங்கட புள்ளைகளில் எத்தனை பேர் ஒரு தடவையாவது ஒரு பலகையில் ஏறி நின்றிருக்கிறார்கள்? அதை விடுங்க. எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிற வாவி ஒரு பக்கம், கடல் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிற ஒரு தலைமுறையை வளர்த்துக்கொண்டிருக்கிறோம். வாவிக்கரையில் பிறந்த ஒவ்வொரு புள்ளைக்கும், ஆம்புளப் புள்ளையோ பொம்புளப் புள்ளையோ, பத்து வயசுக்குள் நீச்சல் பழக்க வேணும். அதுக்குப் பிறகு அலையில் ஏறி நிற்கவும் பழக்க வேணும். இதைக் கேட்டதும் வீட்டில் என்னென்ன சொல்வார்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொன்றாக எடுப்போம்.

"கடல் கொண்டு போயிரும் மனே." இந்தப் பயத்தை நான் நக்கல் அடிக்க மாட்டேன். 2004 டிசம்பர் 26இல் நாவலடியும் டச்பாரும் கல்லடியும் இழந்ததை யாரும் சும்மா கடந்துபோக முடியாது. அண்டைக்கு நல்லா நீந்தத் தெரிந்தவர்களும்தான் போனார்கள். ஆனால் 2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை சொன்னதையும் கேளுங்க: ஆண்களை விடப் பெண்கள் அதிகம் செத்ததுக்கு ஒரு காரணம், இலங்கையில் நீந்தவும் மரம் ஏறவும் பெரும்பாலும் ஆம்புளப் புள்ளைகளுக்கு மட்டுமே பழக்கியது. அந்த அனுபவத்தில் இருந்து எடுத்திருக்க வேண்டிய பாடம் "இனி எல்லாருக்கும் பழக்குவோம்" என்பது. நாங்கள் எடுத்ததோ "இனி ஒருத்தரும் கடலுக்குப் போகாதீங்க" என்பது.

சுனாமி எப்பவோ ஒருக்காத்தான் வரும். ஆனால் தண்ணீர் ஒவ்வொரு வருசமும் ஆள் எடுக்குது. 2021இல் மட்டும் உலகத்தில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. 5 முதல் 14 வயது வரையான புள்ளைகளின் மரணத்துக்கான காரணங்களில் இது மூன்றாவது. பள்ளிக்கூட வயதுப் புள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் பழக்குங்க எண்டுதான் அதே ஸ்தாபனம் சொல்லுது. கரைக்குப் போகாதே எண்டு தடுத்து வைத்த புள்ளை ஒருநாள் கூட்டாளிமாரோடு ஒளிச்சுப் போகத்தான் போகுது. அண்டைக்கு அதுக்கு நீச்சலும் தெரியாது, இழுவை நீரும் தெரியாது.

"பொம்புளப் புள்ள தண்ணிக்க நிண்டு விளையாடுறதா?" அறுகம்பேயில் ஷமாலி சஞ்சயாவும் கூட்டாளிகளும் இதைத்தான் கேட்டுக் கேட்டு வளர்ந்தார்கள். 2018இல் அவர்கள் பெண்களுக்கென்றே ஒரு அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். வெலிகமவில் கிறிஸ்டினா ஃபொன்பே சுனாமிக்குப் பிறகு பெண்களுக்கு நீச்சல் பழக்கத் தொடங்கினார். கடலுக்கு அந்தப் பக்கம் மாமல்லபுரத்தில் கமலி என்கிற சின்னப் புள்ளை ஸ்கேட் பலகையிலும் அலைப் பலகையிலும் பேர் எடுத்தது. உடுப்புத்தான் பிரச்சினை எண்டால் முழுக்கைச் சட்டை இருக்கு, முழுக்கால் உடுப்பு இருக்கு. ஆம்புள மாஸ்டர் பிரச்சினை எண்டால் பொம்புள ரீச்சர்மாரைப் பழக்கி எடுப்போம். இதெல்லாம் தீர்க்கக்கூடிய விசயங்கள். தீர்க்க மனமில்லாதபோதுதான் கலாசாரத்தை இழுக்கிறோம்.

"இது வெள்ளைக்காரன்ட விளையாட்டு." 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி வெள்ளைக்காரனா? 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்திய வல்வெட்டித்துறை ஆனந்தன்? இதில் வெளியில் சொல்லாத இன்னொரு கதையும் இருக்கு. எங்கட ஊரில் நீந்தத் தெரிந்த புள்ளை பெரும்பாலும் மீன்பிடிக்கிறவரின் புள்ளை. உத்தியோகக் குடும்பத்துக்கு நீச்சல் தெரியாமல் இருப்பது ஒரு அந்தஸ்து மாதிரி. இதைச் சாதித்திமிர் எண்டு சொல்லாமல் வேற எப்படிச் சொல்வது?

"படிப்புக் கெட்டுப் போயிரும்." ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்காக ஞாயிற்றுக்கிழமையும் ரியூசன் கொட்டிலில் அடைத்து வைக்கிற நாங்கள், வாரத்தில் ஒரு மணித்தியாலம் தண்ணீருக்குக் கொடுத்தால் எந்தப் புள்ளையும் பெயில் ஆகாது.

சரி, எப்படிப் பழக்குவது? வாவியில் கண்ட இடத்தில் இறக்கிவிட ஏலாது. சேறு இருக்கு, வலை இருக்கு, முதலையும் இருக்கு. முகத்துவாரம் வெட்டிய நேரம் இழுவை பயங்கரம். வாடைக்காலத்தில் கல்லடிக் கடலை நம்ப ஏலாது. ஆனால் பாசிக்குடா இருக்குதே! கச்சான் காலத்தில் கன தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணிதான். அங்க முதலில் மூச்சு விடப் பழக்குங்க. பிறகு மல்லாக்க மிதக்க. பிறகு நிலம் எட்டாத இடத்தில் ஐந்து நிமிசம் தாக்குப்பிடிக்க. இழுவையில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியில் வரச் சொல்லிக் குடுங்க.

பலகை அதுக்குப் பிறகு. புள்ளையை விட நீளமான, மேல்பக்கம் மெத்தென்ற பலகை போதும். முதல் பாடம் மணலில்: படு, கையால் வலி, ஊன்றி எழும்பு, முழங்காலை மடக்கி நில். அடுத்தது இடுப்பளவுத் தண்ணியில், உடைந்து நுரையாக வருகிற அலையில். பழக்குகிறவர் பின்னால் நிண்டு தள்ளிவிடுவார். விழும்போது தலைகுத்தாக இல்லாமல் தட்டையாக விழ வேணும், மேலே வரும்போது கையால் தலையை மறைக்க வேணும். பலகையின் கயிறு பின்காலில் கட்டியிருக்க வேணும். புள்ளை நூறு தரம் விழும். விழுவதுக்கு ஏச்சு விழாத ஒரு பாடம் எங்கட புள்ளைகளுக்கு வேற எங்க கிடைக்குது?

இதைப் பழக்க வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. இந்தக் கடலை எங்கட மீனவர்களை விட ஆருக்குத் தெரியும்? அவர்களைச் சம்பளம் குடுத்துப் பயிற்றுநர்கள் ஆக்குங்க. உயிர்காப்புப் பயிற்சியும் குடுங்க. கரையோரப் பள்ளிக்கூடங்கள் வருசத்தில் ஒரு தவணையை நீச்சலுக்கு ஒதுக்கட்டும். பாசிக்குடாவில் கட்டிடம் எழுப்பிய ஹோட்டல்கள் ஊர்ப் புள்ளைகளுக்கு நாலு பலகை வாங்கிக் குடுக்கட்டும்.

எங்கட கழகங்களும் அடுத்த கூட்டத்தில் கிரிக்கெட் மட்டைக்குக் காசு சேர்க்க முதல் இதைப் பேசுங்க. மாரி முடிந்து கடல் அடங்கினதும் தொடங்கலாம். முதல் பத்துப் புள்ளைகளில் அஞ்சு பேராவது பொம்புளப் புள்ளைகளாக இருக்கட்டும்.