ஐந்து பேர் குழுவுக்குப் பின்னால் நான்கு பேர் குழு

"குழுவை நீங்களே பிரிச்சுக்கோங்க" என்று முதுகலை வகுப்புகளில் ஆசிரியர்கள் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். கேட்க ஜனநாயகமாக இருக்கும். ஊர், விடுதி, படித்த மீடியம், சாதி என ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் வகுப்பில், அந்தப் பிரிவினைக்கு மதிப்பெண்ணும் சேர்த்துக் கொடுக்கிற ஏற்பாடு இது. யாரும் கூப்பிடாத ஓரிருவரைக் கடைசியில் ஆசிரியர் ஏதாவதொரு குழுவில் 'போட்டுவிடுவார்'. அவர்கள் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை.

உடனே ஐந்து பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கப்படும். முதுகலை மாணவர்களின் திட்டப் பணிகளுக்கு உதவுகிற ஆய்வு மாணவராக நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, அதற்குப் பின்னால் இருக்கும் நான்கு பேர் குழுவைத்தான். தலைப்பு என்ன, யார் பேசுவது, கூகுள் மீட் எத்தனை மணிக்கு என எல்லாம் அங்கே முடிவாகும். ஐந்து பேர் குழுவுக்கு முடிவு மட்டும் வரும், கூடவே வேலையும் வரும்: "நீ ஃபீல்டுக்குப் போயிட்டு வந்துடு, பிபிடியை நாங்க பாத்துக்கிறோம்."

வெயிலில் அலைந்து நேர்காணல் எடுத்து, ஒலிப்பதிவுகளை அனுப்புபவர் தலித் மாணவி. வகுப்பின் முன் நின்று ஆங்கிலத்தில் விளக்கிப் பாராட்டு வாங்குபவர் வேறொருவர். கேட்டால், வேலையைப் பிரித்துக்கொண்டோம் என்பார்கள். இந்தச் சாக்கை 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் கிழித்துப் போட்டுவிட்டார்.

கூகுள் டாக்ஸில் யார் எவ்வளவு எழுதினார் என்பது பதிவாகிவிடுமே என்கிறார்கள் சில பேராசிரியர்கள். யார் கணக்கிலிருந்து தட்டச்சு செய்யப்பட்டது என்பதுதான் அதில் பதிவாகும். சொந்த மடிக்கணினி இருப்பவர் பெயர் பக்கம் முழுக்க இருக்கும். செல்போனில் குரல் செய்தியாக அனுப்பியவரின் உழைப்பும் அவர் கணக்கில்தான் ஏறும்.

2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிறு கண்ணுக்குத் தெரியும், கழற்றச் சொல்லலாம். நான்கு பேர் குழு யார் கண்ணுக்கும் தெரியாது. புகார் சொன்னால் "அது அவங்க பர்சனல் குரூப்" என்று பதில் வரும். பல்கலைக்கழகம் மதிப்பெண் போடும் வேலை எப்படித் தனிப்பட்ட விஷயமாகும்?

குழுக்களை ஆசிரியரே குலுக்கல் முறையில் பிரிக்கட்டும். அதன் பிறகும் நான்கு பேர் குழு முளைக்கலாம். எனவே, யார் பேசுவது என்பதை விளக்கவுரை நாளில் ஆசிரியரே தீர்மானிக்கட்டும். அப்போது எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டிவரும். கள ஆய்வுக்குத் தனி மதிப்பெண் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிமுறைகள் சொன்ன சம வாய்ப்புப் பிரிவு, இத்தகைய ஒதுக்கலையும் பாகுபாடாகப் பதிவு செய்ய வேண்டும்.

தோழர்களே, ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பவர்களும் அந்த நான்கு பேரில் இருக்கிறார்கள். நீங்கள் அங்கே இருந்தால், அடுத்த முறை பேச்சு தொடங்கும்போதே "இதை அஞ்சு பேரும் இருக்கிற குரூப்ல பேசுவோம்" என்று ஒரு வரி போடுங்கள்.