குறி பார்க்கக் குருவி எதற்கு?

கோடியக்கரைக்கு வலசை வரும் பறவைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘குருவிக்காரர்கள் சுட்டுத் தின்றுவிடுகிறார்கள்’ என்பதோடு நம்மவர் நிறுத்திக்கொள்கிறார்கள். என் கவலை வேறொரு துப்பாக்கியைக் குறித்தது: சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிற ஏர்கன்.

2016-ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின்படி .177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். வாங்கியவர் முதலில் செய்யவேண்டியது குறியைச் சரிசெய்வது. பத்து மீட்டரில் காகிதம் ஒட்டிய அட்டை. அதன் பின்னே குண்டைத் தடுக்கும் மண்மேடு. ஒரே புள்ளியை நோக்கி ஐந்து முறை சுட வேண்டும். ஐந்து துளைகளும் இடப்பக்கம் ஒன்றுசேர்ந்து விழுந்தால் பின்குறியை வலப்பக்கம் நகர்த்தலாம். சிதறி விழுந்தால் குறியைத் தொட்டுப் பயனில்லை. கையையோ குண்டையோதான் சந்தேகிக்க வேண்டும். சுருள்வில் வகைத் துப்பாக்கியை மணல்மூட்டையின்மீது நேராகக் கிடத்தினால் துள்ளும். இடையே உள்ளங்கையைக் கொடுத்து இலேசாகத் தாங்க வேண்டும். ஒரு மாலை பிடிக்கும் வேலை, சுவையான வேலையும்கூட. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதே பத்து மீட்டரில்தான். அங்கே மையப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்.

இந்தப் பொறுமை இல்லாதவர் மின்கம்பியில் அமர்ந்த மைனாவைச் சுட்டுப் பார்க்கிறார். சோதனை என்ற வகையிலேயே இது பொருளற்றது. ஓர் உயிர் விழுந்ததால் அடுத்த குண்டு எங்கே போகும் என்று தெரிந்துவிடாது. சங்கப் பாடல்களின் தினைப்புனத்துப் பெண்கள்கூடத் தட்டையும் கவணும் கொண்டு கிளிகளை ஓட்டத்தான் செய்தார்கள். அவர்களுக்கு விளைச்சல் என்ற நியாயமாவது இருந்தது.

சலீம் அலி சிறுவயதில் ஏர்கன்னால் சுட்ட குருவிதானே அவரைப் பறவையியலுக்கு இட்டுச் சென்றது என்று எதிர்வாதம் வரும். அவர் அதன் பெயர் கேட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் படியேறினார். அதே சங்கம் பிற்பாடு கோடியக்கரையில் பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டியது. மின்கம்பி மைனாவின் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்?

கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, எழுத்துமூல அனுமதியின்றி எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துள் நுழையக் கூடாது என்கிறது; விலங்கைக் காயப்படுத்தவல்ல கருவி எதுவும் அச்சட்டத்தில் ஆயுதமே. ‘உரிமம் வேண்டாம்’ என்பதை ‘எங்கும் சுடலாம்’ என்று படித்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்களே. குருவிக்காரர் கையில் துப்பாக்கியைக் கண்டால் விசாரிக்கிறோம். காரின் பின்னிருக்கையில் கிடந்தால் விளையாட்டுப் பொருள் என்கிறோம்.

அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் தொடங்கிய இயக்கத்தில் மக்கள் தாமாகவே ஏர்கன்களை அரசிடம் ஒப்படைத்தார்கள். அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. விற்பவர் துப்பாக்கியோடு பத்துக் குறியட்டைகளையும் இச்சட்டப் பிரிவின் தமிழ் வடிவத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும். ஒரு டப்பா குண்டின் விலைகூட ஆகாது.